கேளாத காதுக்கு எல்லாமே உள்ளுறை அறிவு

‘மெக்கானிக்கின் அறிவு உள்ளுறை அறிவு, அது கையில் இருக்கிறது, சொல்லில் வராது.’ சமூகவியல், மானிடவியல், கல்வியியல் என எந்தத் துறையின் கருத்தரங்குக்குப் போனாலும் இந்த வாக்கியம் கடவுள் வாழ்த்தைப் போல ஓதப்படுகிறது. ஓதி முடித்ததும் அவையில் தலைகள் அசைகின்றன. உழைப்பவரை உயர்த்திப் பேசிவிட்டோம் என்ற நிறைவு எல்லார் முகத்திலும் படர்கிறது. என் கருத்து இதற்கு நேர்மாறானது. இந்த வாக்கியம் அவரை உயர்த்தவில்லை, அவர் வாயைப் பொத்துகிறது. பட்டறையில் காலை முதல் இரவு வரை பேச்சு நடக்கிறது. அதில் காரண காரியம் இருக்கிறது, விலக்கும் முறை இருக்கிறது, எதை முதலில் பார்ப்பது எதைப் பின்னால் பார்ப்பது என்ற வரிசை இருக்கிறது. அந்தப் பேச்சை ஒரு நாளும் உட்கார்ந்து கேட்காதவர்கள், அது சொல்லில் வராது என்று தீர்ப்பு எழுதுகிறார்கள்.

பொதுப்படையாகச் சண்டையிட எனக்கு விருப்பமில்லை. ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறேன்: பழைய ஜீப் வகைப் பிக்கப் வண்டியின் முன்சக்கரங்களில் டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் பொருத்துவதும், பொருத்தியபின் எழும் கோளாறுகளைக் கண்டுபிடிப்பதும். பொறியியல் படிக்காத நண்பர்கள் அஞ்ச வேண்டாம். தேவையானதை வழியிலேயே சொல்லிவிடுகிறேன். பதிவு நீளும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

முதலில் இந்தக் கருத்தின் மூலவர்களைப் பற்றிச் சில சொற்கள். கில்பர்ட் ரைல் 1949இல் வெளியான தம் நூலில் ‘இன்னது என அறிதல்’ வேறு, ‘இப்படிச் செய்வது என அறிதல்’ வேறு என்று பிரித்தார். செய்கையில் உள்ள அறிவு ஏட்டறிவின் நிழல் அல்ல என்று காட்டுவதே அவர் நோக்கம். மைக்கேல் போலானி 1966இல் வந்த நூலில், நாம் சொல்ல முடிவதைக் காட்டிலும் அறிந்திருப்பது அதிகம் என்று வாதிட்டார். ‘அதிகம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அறிந்ததில் ஒரு பங்கு சொல்லுக்கு அப்பால் நிற்கிறது என்பதுதான் வாதம். சொல்லக்கூடிய பங்கே கிடையாது என்பதல்ல. இன்னொன்றையும் நம்மவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். போலானி அடிப்படையில் வேதியியலாளர். 1958இல் வந்த அவரது பெருநூல் ஆய்வுக்கூட விஞ்ஞானியின் அறிவைப் பற்றித்தான் முதன்மையாகப் பேசியது. விஞ்ஞானியின் அறிவிலும் உள்ளுறைப் பங்கு உண்டு என்றார் அவர். அப்படியிருக்க, ‘இயற்பியல் பேராசிரியரின் அறிவு சொல்லில் வராது’ என்று யாரும் கட்டுரை படித்து நான் கேட்டதில்லை. அந்த முத்திரை கிரீஸ் படிந்த கைகளுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

நேரில் போய்க் கேட்டவர்கள் வேறு விதமாக எழுதியிருக்கிறார்கள். ஜூலியன் ஆர் என்ற மானிடவியலாளர் நகல் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களோடு திரிந்து 1996இல் வெளியிட்ட நூல், அவர்கள் கோளாறுகளைக் கதையாகப் பேசிப் பேசியே கண்டறிகிறார்கள் என்று காட்டுகிறது. நூலின் தலைப்பிலேயே பேச்சு இருக்கிறது. (‘உள்ளுறை’ என்ற தமிழ்ச்சொல்லை இந்தக் கருத்துக்கு எடுத்து வைத்தவர்கள் தொல்காப்பியத்தைக் கொஞ்சம் புரட்டியிருக்கலாம். அங்கே உள்ளுறை என்பது கேட்பவன் தன் அறிவைச் செலுத்தி விரித்துக்கொள்ள வேண்டியது. விரிக்கவே முடியாதது என்று எவரும் சொல்லவில்லை.)

இனி வண்டிக்கு வருவோம்.

டிரம் பிரேக்கில் சக்கரத்தோடு சுழலும் ஓர் உருளைக்குள் இரண்டு ஷூக்கள் இருக்கின்றன. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து குழாய் வழியாக வரும் எண்ணெய் அழுத்தம் அவற்றை வெளிப்புறமாக விரித்து உருளையின் உட்சுவரில் அழுத்துகிறது. சுழலும் டிரம் ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் இறுக்கிக்கொள்வதால், குறைந்த அழுத்தத்திலேயே நல்ல பிடிப்பு கிடைக்கும். காலை எடுத்தால் வலுவான ஸ்பிரிங்குகள் ஷூவைத் திரும்ப இழுத்துவிடும். டிஸ்க் பிரேக்கில் இந்தத் தன்னிறுக்கமும் இல்லை, இழுக்கும் ஸ்பிரிங்கும் இல்லை. சுழலும் தட்டை இருபுறமும் பேடுகள் கவ்வுகின்றன. கால் எடுத்ததும் காலிப்பர் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் தன் முறுக்கிலிருந்து மீள்வதால் பிஸ்டன் மயிரிழை பின்வாங்குகிறது, அவ்வளவுதான். ஆகவே டிஸ்க்குக்கு அழுத்தம் கூடுதலாக வேண்டும், எண்ணெயின் கொள்ளளவும் கூடுதலாக வேண்டும், கால் எடுத்தபின் குழாயில் அழுத்தம் தங்கவே கூடாது. இந்த மூன்றும் டிரம்மின் தேவைகளுக்கு எதிரானவை. பழைய வண்டியின் மற்ற உறுப்புகள் எல்லாம் டிரம்முக்காகச் செய்யப்பட்டவை. கோளாறு பிறக்கும் இடம் இதுதான்.

ஒரே ஓர் உதாரணத்தைக் கணக்குப் போட்டே காட்டலாம். டிரம் வண்டியின் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சிறு வால்வு உண்டு. கால் எடுத்த பின்னும் குழாயில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 10 பவுண்டு அழுத்தத்தை அது தங்க வைக்கும். சக்கர சிலிண்டரின் ரப்பர் கோப்பைகள் சுவரோடு ஒட்டி நிற்கவும் காற்று உள்ளே நுழையாமல் இருக்கவும் அது வேண்டும். 25.4 மி.மீ. விட்டமுள்ள சக்கர சிலிண்டரில் இந்த அழுத்தம் தரும் விசை மூன்றரைக் கிலோ எடையளவுதான். ஸ்பிரிங்குக்கு அது பொருட்டே அல்ல. அதே அழுத்தம் 54 மி.மீ. விட்டமுள்ள காலிப்பர் பிஸ்டனுக்குப் போனால் 16 கிலோவாகிறது. எதிர்த்து நிற்க அங்கே ஸ்பிரிங் கிடையாது. பேடுகள் ஓயாமல் தட்டைத் தேய்க்கும். வால்வு ஒன்றே, அழுத்தம் ஒன்றே. ஓர் அமைப்பில் அது பாதுகாப்பு, மற்றதில் அது நோய். ஓர் உறுப்பின் மதிப்பு அது நிற்கும் அமைப்பில்தான் பிறக்கிறது என்று சொசூரைப் படித்து ஒப்பிக்கும் மொழியியல் மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

(பழைய ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டர் தரைக்குக் கீழே, காலிப்பரைவிடத் தாழ்வாக இருந்தால் எண்ணெய் பின்னோக்கி வடிந்துவிடும். அதைத் தடுக்க 2 பவுண்டு அளவில் ஒரு மெல்லிய வால்வு வேண்டும். ஆகவே ‘வால்வைத் தூக்கி எறி’ என்ற பொதுவிதியும் செல்லாது. அமைப்பைப் பார்க்காமல் சொல்லும் எந்த விதியும் இங்கே செல்லாது.)

நான் ஆய்வு மாணவனாக இருக்கும் ஹைதராபாத்தில் நண்பர் ஒருவரின் பிக்கப்பில் இந்த மாற்றம் செய்யப்பட்டது. கிளம்பும்போது ஒழுங்காக ஓடும். நாலைந்து கிலோமீட்டருக்குப் பின் வண்டி கனத்துப்போகும், பெடல் உயர்ந்து கல்லாகும், முன்சக்கரங்களில் கை வைக்க முடியாத சூடு ஏறும். ஆற விட்டால் தானே சரியாகும். ஒரு பட்டறையில் காலிப்பரை மாற்றினார்கள், இன்னொன்றில் பேடை மாற்றினார்கள், மூன்றாவதில் ஹோஸை மாற்றினார்கள். நான்காவதாகப் பார்த்த பெரியவர் எதையும் மாற்றவில்லை. வண்டியை ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு வந்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார். உடனிருந்த பையன் ஸ்பேனரோடு காலிப்பர் நிப்பிளுக்குப் பாய்ந்தான். பெரியவர் தக்கனியில் தடுத்தார்: ‘நிப்பிள் பஹ்லே நக்கோ.’ முதலில் நிப்பிள் வேண்டாம். ஏன் என்று கேட்டேன். அதைத் திறந்தால் அழுத்தம் எங்கிருந்து வந்திருந்தாலும் வெளியே போய்விடும், சக்கரம் விட்டுவிடும், திருடன் எந்த அறையில் இருந்தான் என்பது தெரியாமலே ஓடிவிடுவான் என்றார். ஆகவே பெடல் பக்கத்திலிருந்து தொடங்கிச் சக்கரத்தை நோக்கிப் போக வேண்டும்.

அவர் செய்ததையும் சொன்னதையும் என் தமிழில் தருகிறேன். மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு இணைக்கும் இரண்டு நட்டுகளை இரண்டு மி.மீ. தளர்த்து. தளர்த்தினால் சக்கரம் விடுகிறதா? அப்படியென்றால் உள்ளே தள்ளும் கம்பி நீளமாக இருக்கிறது. பிஸ்டன் முழுதாகத் திரும்பி வராமல், எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளையை மூடிக்கொண்டிருக்கிறது. சூட்டில் எண்ணெய் விரிய, போக வழியில்லாமல் பிரேக் தானே இறுகுகிறது. தளர்த்தினாலும் விடவில்லையா? மாஸ்டர் சிலிண்டரிலிருந்து புறப்படும் குழாயின் நட்டைத் தளர்த்து. இப்போது விட்டால் கோளாறு மாஸ்டருக்குள்ளே: டிரம் காலத்து வால்வு, அல்லது அடைபட்ட துளை, அல்லது தவறான எண்ணெயால் ஊதிப்போன ரப்பர். அதைத் தளர்த்தினாலும் விடவில்லையா? இப்போது நிப்பிளைத் திற. விட்டால் இடையிலுள்ள ஹோஸ். பழைய ரப்பர் உட்புறம் உரிந்து ஒருவழிக் கதவாகிவிட்டது. காலின் வலுவில் எண்ணெய் போகும், திரும்பி வர வலுவில்லை. நிப்பிளைத் திறந்தாலும் விடவில்லையென்றால் எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிஸ்டன் துருவேறிச் சிக்கியிருக்கிறது, அல்லது காலிப்பர் நழுவும் பின் இறுகியிருக்கிறது.

நண்பரின் வண்டி முதல் படியிலேயே விட்டுவிட்டது. மூன்று பட்டறைகள் வாங்க வைத்த உறுப்புகள் எவற்றிலும் பிழையில்லை.

இதில் எது சொல்லில் வராதது? நான் கேட்டதெல்லாம் வாக்கியங்கள். அவற்றின் இலக்கணம் தமிழில் ஓர் உம்மையில் நிற்கிறது. ‘திறந்தால் விடும்’, ‘திறந்தாலும் விடாது’. முதலாவது நிபந்தனை எச்சம். கோளாறு இந்தப் பக்கம் என்கிறது. இரண்டாவதில் ஓர் ‘உம்’ சேர்கிறது. கோளாறு அந்தப் பக்கம் என்கிறது. தெலுங்கிலும் இதே இணை உண்டு: தீஸ்தே, தீசினா. உம்மையில்லாத எச்சமும் உம்மை பெற்ற எச்சமும் மாறி மாறி வர, பெடலுக்கும் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் படிப்படியாகக் குறைந்து கடைசியில் ஒரு நட்டில் வந்து நிற்கிறது. ஒலியனியலில் மற்றதையெல்லாம் மாறாமல் வைத்து ஓர் ஒலியை மட்டும் மாற்றிப் பொருள் மாறுகிறதா என்று பார்க்கிறோமே, அதே முறை. நாம் அதற்கு ‘பகுப்பாய்வு’ என்று பெயரிட்டுப் பட்டம் கொடுக்கிறோம். பட்டறையில் அதையே செய்தால் ‘கைப்பழக்கம்’ என்கிறோம்.

பெடலைப் பற்றிய புகார்களைக் கேட்டால் இது இன்னும் துலங்கும். ‘பிரேக் சரியில்லை’ என்று வாடிக்கையாளர் சொல்வதை எந்த நல்ல மெக்கானிக்கும் புகாராக ஏற்றுக்கொள்வதில்லை. பெடல் என்ன செய்கிறது என்று கேட்பார். ‘ஆழமாகப் போகிறது’, ‘பஞ்சு மாதிரி இருக்கிறது’, ‘இறங்கிக்கொண்டே இருக்கிறது’. வெளியாளுக்கு மூன்றும் ஒன்று. பட்டறையில் மூன்றும் மூன்று நோய். ஆழமாகப் போய், இரண்டாம் முறை மிதித்தால் மேலே வந்து கெட்டியாக நின்றால், எங்கோ இடைவெளி அதிகம்: பின்சக்கர ஷூவைச் செட் செய்யவில்லை, அல்லது வீல் பேரிங் ஆடி, தட்டு கோணலாகச் சுழன்று பேடுகளைப் பின்னுக்குத் தள்ளுகிறது. மிதிக்க மிதிக்க மேலே வந்தும் பஞ்சாகவே இருந்தால் குழாயில் காற்று. அடிமட்டத்துக்கு ‘இறங்கிக்கொண்டே’ இருந்தால், வெளியே கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் எண்ணெயை உள்ளுக்குள்ளேயே விட்டுக்கொடுக்கிறது. ‘போகிறது’ என்பதற்கும் ‘இறங்கிக்கொண்டே இருக்கிறது’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் வினைநோக்கு என்ற தலைப்பில் ஒரு பருவம் முழுக்கப் படிக்கிறோம். அந்தத் துணைவினையைக் கவனமாகக் கேட்டு, எந்த உறுப்பைத் திறப்பது என்று ஒருவர் முடிவெடுக்கிறார். பிழையாகக் கேட்டால் வண்டி நிற்காது.

மாற்றம் செய்த வண்டிகளில் இந்தப் பஞ்சுக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. அதை எந்தப் பாடநூலிலும் நான் பார்க்கவில்லை, எல்லாப் பட்டறையிலும் கேட்டிருக்கிறேன். காலிப்பருக்கு இடது, வலது உண்டு. மாற்றிப் போட்டாலும் அழகாகப் பொருந்திவிடும். அப்போது காற்றை வெளியேற்றும் நிப்பிள் மேலே இருப்பதற்குப் பதில் கீழே வந்துவிடும். காற்று மேலே போய்த் தங்கும், எண்ணெய் கீழே வெளியேறும். எத்தனை லிட்டர் எண்ணெயை ஊற்றிக் காற்று எடுத்தாலும் பெடல் பஞ்சாகவே இருக்கும். மாஸ்டர் சிலிண்டர்மேல் பழி விழும், அது மாற்றப்படும், மறுபடியும் பஞ்சு. ‘நிப்பிள் மேலே இருக்கிறதா பார்’ என்ற நான்கு சொற்கள் எழுதப்படாததால் வீணாகும் பணமும் உழைப்பும் எவ்வளவு! இன்னும் கொடுமை, பெடலை இரண்டு முறை மிதித்தால் பிடிக்கிறது, போதும் என்று சொல்லிச் சாலைக்கு அனுப்பப்படும் வண்டி. எதிரில் ஆள் வரும்போது இரண்டாம் முறை மிதிக்க நேரம் இருப்பதில்லை.

பெடல் கல்லாக இருந்து பிடிப்பு குறைந்தால் பூஸ்டரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் பெட்ரோல் எஞ்சினைப் போல வெற்றிடம் தானாக உருவாகாது. தனி வாக்குவம் பம்ப் வேண்டும். பம்ப் இல்லாத பழைய எஞ்சினில் பூஸ்டரை மட்டும் பொருத்திவைத்திருப்பவர்கள் உண்டு. எஞ்சினை நிறுத்தி நாலைந்து முறை மிதித்துவிட்டு, மிதித்த காலை எடுக்காமல் எஞ்சினை ஓட்டினால் பெடல் சற்றே இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் பூஸ்டர் வெறும் அலங்காரம்.

இனி மிக ஆபத்தானது. முன்புறம் டிஸ்க் போட்டு, அதற்காகப் பூஸ்டரும் போட்டு அழுத்தத்தைக் கூட்டியாயிற்று. அந்தக் கூடிய அழுத்தம் பின்புற டிரம்முக்கும் போகிறது. டிரம்மோ தன்னைத் தானே இறுக்கிக்கொள்வது. பிக்கப்பின் பின்பக்கம் சரக்கு இல்லாதபோது இலேசாக இருக்கும்; பிரேக் பிடிக்கையில் எடை முன்னோக்கிச் சாய்வதால் இன்னும் இலேசாகும். பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடி இல்லை. முன்சக்கரம் பூட்டினால் வண்டி திசை திரும்பாமல் நேரே வழுக்கும்; பின்சக்கரம் பூட்டினால் வண்டியே சுழலும். இதற்காகத்தான் பின்குழாயில் மட்டும் அழுத்தத்தை ஓர் எல்லைக்கு மேல் ஏறாமல் அடக்கும் வால்வு வைக்கிறார்கள். சரக்கு வண்டிகளில் அச்சோடு கம்பியால் இணைத்து, சுமை கூடினால் கூடுதல் அழுத்தம் விடும் வால்வும் உண்டு. மாற்றம் செய்தபின் காலி வண்டியை வெறும் மைதானத்தில் குறைந்த வேகத்தில் ஓட்டி அழுத்திப் பிடித்து, வெளியே நிற்பவர் எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று பார்க்க வேண்டும். முன்சக்கரம் ஒரு கணம் முந்த வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. இதைச் சொல்லாமல் பொருத்துகிற காட்சியை மட்டும் இசையோடு காட்டும் காணொளிகள் ஏராளம். கடைசி நட்டை இறுக்கியதும் காணொளி முடிந்துவிடுகிறது. கோளாறு அதன் பிறகுதான் தொடங்குகிறது.

தமிழ்ப் புலமையாளர்களுக்கும் இதில் பங்குண்டு. 1916இல் சேலத்தில் அறிவியல் கலைச்சொற்களுக்காக ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. 1961இல் நடுவண் அரசு கலைச்சொல்லுக்கென ஆணையமே அமைத்தது. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. நூறாண்டுகளுக்கு மேலாக நாம் பெயர்ச்சொல்லை மட்டுமே சமைத்துக்கொண்டிருக்கிறோம். ‘வட்டுத் தடை’ என்பதா, ‘தட்டு நிறுத்தி’ என்பதா? இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு மறுப்பில்லை. பட்டறையில் டிஸ்க் என்பார்கள், அதிலும் குறையில்லை. கோளாறு காணும் அறிவு பெயர்ச்சொல்லில் இல்லை. அது வினையிலும் எச்சத்திலும் உம்மையிலும் இருக்கிறது. அவற்றை எந்தக் குழுவும் உருவாக்க வேண்டியதில்லை. மொழியில் ஏற்கெனவே இருக்கின்றன, வேண்டியது எழுதுவது மட்டுமே. நோய்க்கு மூலம் காணச் சொல்லும் குறளை எல்லா விழா மேடையிலும் முழங்குகிறோம். ஒரு பிரேக்கின் நோய்க்கு மூலம் காணும் முறையைப் பத்துப் பக்கம் தமிழில் எழுதி வைக்கவில்லை.

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். ஒன்று: கையின் உணர்வு சொல்லில் வருமா? நட்டு மரை கழன்றுவிடுமுன் எங்கே நிறுத்துவது என்று விரல் அறிவதை நானும் எழுதிக் காட்ட மாட்டேன். போலானிக்கு அந்தப் பங்கைக் கொடுத்துவிடுவோம். ஆனால் மேலே சொன்ன நான்கு படிகளில் அந்தப் பங்கு எவ்வளவு? எந்த வரிசையில் திறப்பது என்பது விரலில் இல்லை. மூன்று பட்டறைகள் வழுக்கியது விரலிலா, வரிசையிலா? அந்த வரிசையைக் கற்றுத்தர யாரும் இல்லாமல், ஐந்தாறு ஆண்டுகள் வசவு வாங்கித் தற்செயலாகக் கற்கும் பையனிடம் ‘உன் அறிவு சொல்லுக்கு அப்பாற்பட்டது’ என்று சொல்வது எந்த வகை மரியாதை?

இரண்டாவது: இத்தகைய மாற்றமே சட்டப்படி சரியா? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் வகுத்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. பிரேக்கில் கை வைப்பவர் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. ஒழுங்காகக் கடைந்து, ஷூ செட் செய்த டிரம் பிரேக்கே பல வண்டிகளுக்குப் போதும் என்பதும் என் கருத்து. ஆனால் மாற்றங்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்த வண்டிகள் நம் சாலையில்தான் ஓடுகின்றன. எழுதாமல் விட்டால் அவை ஓடாமல் நின்றுவிடப் போவதில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போகும்.

தமிழ்வழி இயந்திரவியல் துறையில் வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்று அறிவேன். ‘டிஸ்க் பிரேக்கின் அமைப்பைப் படத்துடன் விளக்குக’ என்பதை இந்தப் பருவம் விட்டுவிடுங்கள். பதிலுக்கு இதைக் கேளுங்கள், பத்து மதிப்பெண், படம் வேண்டாம்: டிஸ்க்குக்கு மாற்றிய வண்டியின் முன்சக்கரம் இரண்டும் ஓட ஓட இறுகுகின்றன. மாஸ்டர் சிலிண்டரின் நட்டுகளைத் தளர்த்தினாலும் விடவில்லை. அதிலிருந்து புறப்படும் குழாயைத் தளர்த்தியதும் விட்டன. அடுத்து எதைத் திறப்பீர்கள், எதைத் தொடமாட்டீர்கள், ஏன்?